ஐந்து ஸ்டார் பிரேக்கும் எண்ணெய்த் துணியும்

போன வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு, எர்ணாவூர் மேம்பாலத்து இறக்கத்தில் நடந்தது இது. இன்றைக்கும் அதே இறக்கத்தில்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில். என் வீட்டுக்காரர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸில் பில் போடுகிறேன். ஷேர் ஆட்டோவில் நசுங்கி நசுங்கிப் போய் அலுத்துவிட்டது. டாக்டரும் உடம்பைக் கொஞ்சம் அசைக்கச் சொன்னார். சரி, தடித்த டயர் வைத்த மவுண்டன் பைக் வாங்கிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். மலையே இல்லாத ஊரில் அது எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் ரோட்டைப் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் முதலில் வேண்டாம் என்றார். "ட்ரெய்லரு ஓட்ற ரோட்ல சைக்கிளா? இன்னாமே, வெளாட்றியா?" என்று முறைத்தார். விடாமல் நச்சரித்ததில் இறங்கி வந்தார். ஆனால் ஒரே ஒரு கண்டிஷன். "பிரேக்கு மட்டும் புட்ச்சா புட்ச்ச எட்த்துல நிக்கணும், சொல்ட்டேன்."

அன்று முதல் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் எனக்குப் பிரேக் படிப்புதான். ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் போன். ரப்பர் கட்டை சக்கர வளையத்தைப் பிடிக்கும் பழைய பிரேக்கா, சக்கரத்தின் நடுவில் இருக்கும் தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கா? டிஸ்க் என்றால் ஒயரில் இழுப்பதா, ஹைட்ராலிக்கா? ஒருவர் சூப்பர் என்பார், அடுத்தவர் குப்பை என்பார். "பெட்டி அழகாக இருந்தது" என்று ஐந்து ஸ்டார் கொடுத்த புண்ணியவானும் உண்டு. நான் பார்த்து வைத்திருந்த ஒயர் டிஸ்க் சைக்கிளுக்கு எல்லாரும் ஐந்தைந்தாக வாரி வழங்கியிருந்தார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் மூன்று ஸ்டார். கடற்கரை ஊர்க்காரர் போலிருக்கிறது. எழுத்துப்பிழையோடு ஏதோ எழுதியிருந்தார்: டிஸ்க்கில் எண்ணெய் படவே கூடாது, எங்கப்பா துடைத்துவிட்டார், நான் போய் மீன் ஐஸ் பெட்டியில் மோதினேன். பிரேக்குக்குப் போய் யாராவது எண்ணெய் தடவுவார்களா என்று சிரித்துவிட்டு ஆர்டர் போட்டேன்.

சைக்கிள் வந்தது. பிரேக் அருமை. லேசாகத் தொட்டாலே நின்றது. வீட்டுக்காரரே குப்பத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "நச்சுனு கீது" என்று சர்டிபிகேட் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலை பாலத்தின் உச்சியில் ஏறி, வழக்கம்போல இறக்கத்தில் விட்டேன். கீழே ட்ரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பிரேக்கைப் பிடித்தேன். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு கையாலும் இறுக்கினேன். சைக்கிள் என்னை மதிக்கவே இல்லை. கடைசி லாரியின் பின்பக்க இரும்பு நேராக என் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. செத்தோம் என்றே நினைத்தேன். பாலத்தின் கீழே ஓரத்தில் லாரிகள் ஒதுக்கிவிட்ட மணல் குவிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதில் திருப்பினேன். முன்சக்கரம் புதைந்தது, நான் பறந்தேன்.

லாரிக்காரர்களுக்கு இட்லி விற்கும் அம்மா ஓடிவந்து தூக்கினார். "உசுரோட கீறியா கண்ணு? ஒக்காரு. மொதல்ல டீ குடி, அப்பால அழுவலாம்" என்றார். முட்டியும் உள்ளங்கையும் தேய்ந்து எரிந்தன. எலும்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்துவிட்டு, டீயைக் குடித்துக்கொண்டே முதல் வேலையாக ஒரு ஸ்டார் ரிவ்யூ அடிக்க ஆரம்பித்தேன். 'ஏமாற்று வேலை, ஆளைக் கொல்லும் பிரேக்' என்று எழுதினேன்.

அவர் வந்து சேர்ந்தார். எனக்குக் கை கால் எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நான் கம்பெனிக்காரனையும், ஐந்து ஸ்டார் கொடுத்த அத்தனை பேரையும் ஒரு பிடி பிடித்தேன். அவர் போய் சக்கரத்தின் தகட்டைத் தொட்டார். விரல் கறுப்பாக மின்னியது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தாம்மே நேத்து தொட்ச்சி வுட்டேன். தகடுல துரு புட்ச்சிகினு இருந்துச்சு. உப்புக்காத்துல வீணா பூடுமேன்னு, என்ஜின் ஆயிலு போட்டு ரெண்டு சக்கரத்தையும் தொட்ச்சேன்."

எங்கள் குப்பத்தில் அது அன்றாட வழக்கம். கடல் காற்று இரும்பை விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, கேட் கீல், படகு என்ஜின், அரிவாள்மணை வரைக்கும் எண்ணெய்த் துணியால் துடைத்தால்தான் தங்கும். கடலுக்குப் போகாத நாளில் அவர் கையில் அந்தத் துணி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. ஆசையாக வாங்கிய சைக்கிளை மட்டும் சும்மா விடுவாரா?

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. திடீரென்று அந்த மூன்று ஸ்டார்க்காரரும் ஐஸ் பெட்டியும் நினைவுக்கு வர, இட்லிக்கார அம்மா முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்குத் தலையில் அடிபட்டுவிட்டது என்று அந்த அம்மா பயந்தே போனார்.

கடையில் டிஸ்க்கைக் கழுவி, எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளை மாற்றினார்கள். மறுபடி பழைய பிடி வந்துவிட்டது. பாதி அடித்த ஒரு ஸ்டார் ரிவ்யூவை அழித்துவிட்டு, ஐந்து ஸ்டார் போட்டு எழுதினேன்: "பிரேக் அருமை. கடலோரத்தில் இருப்பவர்கள் சைக்கிள் வந்த அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள், டிஸ்க்கில் எண்ணெய்த் துணி படவே கூடாது. என் வீட்டுக்காரர் துடைத்துவிட்டார், நான் பாலத்து இறக்கத்தில் போய் மணலில் விழுந்தேன்." அதை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "என் பேரு போட்லியே?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் எது வாங்கினாலும் ஸ்டாரை எண்ணுவதில்லை; எழுதியவர் வீட்டுப் பக்கம் கடல் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். நான் விழுந்த கதையைப் படித்துவிட்டு, எங்கோ ஒரு கடற்கரையில் எவளோ ஒருத்தி, பாசத்தோடு எண்ணெய்த் துணியைத் தூக்கிக்கொண்டு வரும் புருஷனை வாசலிலேயே நிறுத்துவாள் என்று நினைக்கும்போது, அந்த இறக்கத்தில் என் மனசு நிறைந்துபோகிறது.