கம்ப்யூட்டருக்கு வைத்த தண்ணீர்

எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்க வைப்பது திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். ஹோட்டலிலும் அதைத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். இந்த ஊரில் அந்த நிறத்தில் ஒரு பாட்டில் கண்ணில் பட்டால் யாரும் யோசிக்காமல் எடுத்துக் குடிப்பார்கள். என் தம்பியின் அபார மூளைக்கு அது மட்டும் எட்டவில்லை.

அவனுக்கு அப்போது அனிமேஷன் வேலை. வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகிப் படுத்துவிடும். விசிறி போதவில்லை என்று, தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் ஏற்பாட்டை அவனே செய்தான். சிப்பின் மேல் செம்புக் கட்டி, பழைய காரிலிருந்து கழற்றிய அலுமினிய ரேடியேட்டர், மீன்தொட்டி மோட்டார். முதலில் வெறும் தண்ணீர் விட்டான். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் கிடந்தால் பேட்டரிக்குள் நடப்பதுபோல் மின்சாரம் ஓடி, அலுமினியம் அரித்துக்கொண்டே போகுமாம். கொஞ்ச நாளில் குழாய்க்குள் வெள்ளைச் சகதி, கூடவே பாசி. அதனால் காருக்கு ஊற்றும் இளஞ்சிவப்புக் கூலன்ட்டை வாங்கிவந்து கலந்தான். அதில் அரிப்பைத் தடுக்கும் உப்புகள் உண்டு. எத்திலீன் கிளைக்கால் என்ற தித்திக்கும் விஷமும் உண்டு. மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மேஜைமேல் வைத்தான்.

மத்தியானம் அப்பா வெயிலில் நடந்து வந்தார். அரை டம்ளர் குடித்துவிட்டு, "இன்னிக்குத் தண்ணி தித்திக்கறதே, என்ன போட்டே?" என்று என்னைக் கேட்டார். கையில் இருந்தது தம்பியின் பாட்டில். அதைப் பார்த்ததும் அவன் ஆட்டோ கூப்பிட ஓடினான்.

ஆட்டோவில் போகும்போதே அப்பாவுக்கு நாக்குக் குழறியது. ஆஸ்பத்திரிப் படியில் தள்ளாடினார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதர், குடித்தவர்போல என் தோளில் சாய்ந்தார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். கிளைக்காலை ஈரல் உடைத்து அமிலமாக்கும், அதுதான் சிறுநீரகத்தை அடைத்து ஆளைக் கொல்லும். அதே ஈரலுக்கு மது கொடுத்தால் அது முதலில் மதுவைத்தான் உடைக்கப் போகும், கிளைக்கால் அப்படியே சிறுநீரில் போய்விடும். "பேடிக்கண்டா, இதினு மத்யம் தன்னெயாணு மருந்து", பயப்படாதே, இதற்கு மதுவேதான் மருந்து என்று மலையாளத்தில் என்னைத் தேற்றினார். ஆனால் இதற்கென்று ஏற்றும் சுத்த மது ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. நல்ல வோட்கா ஒரு பாட்டில் உடனே வேண்டும் என்றார்.

எனக்கும் தம்பிக்கும் அதை எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது என்றுகூடத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான், சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. "அந்த வாசனையோட என் வாசல் ஏறப்படாது" என்று அப்பா விலக்கிவைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் பூத்திலிருந்து அவருக்குப் போன் பண்ணினேன்.

சர்க்கார் மதுக்கடையில் தெருமுனை வரைக்கும் வரிசை நின்றதாம். "அண்ணாவுக்கு ஆஸ்பத்திரிலே வேணும், உயிர் போயிண்டிருக்கு" என்று சித்தப்பா சொன்னதும், முன்னால் நின்ற அத்தனை பேரும் ஒதுங்கி வழிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் அழுதுவிட்டார். பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டார். வார்டுக்குள் வரவில்லை. அன்று அவர் குடித்திருக்கவும் இல்லை.

மூக்குவழிக் குழாயில் அளந்து அளந்து மருந்து இறங்கியது. மறுநாள் காலையில் சிறுநீர் ஒழுங்காகப் பிரிகிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தம்பி ஒரு வாய் காபி குடித்தான். அவனைத் திட்ட வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்தேபோயிற்று.

அப்பா கண் திறந்தார். தொண்டையைச் செருமி, உதட்டை நக்கி, முகத்தைச் சுளித்தார். நடந்ததைச் சொன்னேன்.

"யார் வாங்கிண்டு வந்தா?"

"சித்தப்பா. வெளிலே உக்காந்திருக்கார். உள்ளே வர மாட்டேங்கறார்."

அப்பா உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தார்.

"வரச் சொல்லு" என்றார். "இப்போ என் வாயிலேயும் அந்த வாசனைதானே."