தகப்பனார் நேரில் வர வேண்டும்

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாய்க்கு மட்டும் ஐம்பது வயது என்று என் அம்மாவே சொல்வாள். தூத்துக்குடி டவுனில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து இரண்டாவது வருஷம் அது. ஜெர்மன்காரனோடு நடந்த உலகச் சண்டை இன்னும் முடியாத காலம். ஓலைக் கூரை, மூன்று அறை, எட்டு வகுப்பு, மூன்று பேர் வாத்தியார்கள். அதில் பொம்பளை நான் ஒருத்திதான். அதனாலேயே நான் பேசுவது கொஞ்சம் சத்தமாக இருக்கும்.

மாசி பிறந்தால் வீடுகளுக்குச் செய்தி எழுதி அனுப்புவது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். பரீட்சை, இன்ஸ்பெக்டர், அம்மை குத்துகிறவர், ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலம் என்று எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும். காகிதத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில்தான் எழுத வேண்டும், தெருவுக்கு ஒரு தாள். தலைமையாசிரியர் விஷயத்தைச் சொல்வார். நல்ல மனுஷர், ஈ எறும்புக்கும் கேட்காமல் பேசுவார். எழுதுவது நான். அவர் சொல்வது ஒரு வரி என்றால் நான் சேர்ப்பது மூன்று வரி.

“மாசிப் பனி என்று பிள்ளைகளைப் போர்த்திப் படுக்க வைக்க வேண்டாம், மணி அடிக்கிற நேரத்துக்கு அடிக்கும்” என்று எழுதினேன். “அம்மை குத்துகிறவர் செவ்வாய்க்கிழமை வருகிறார். போன வருஷம் போலக் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில் பிள்ளைகளை ஒளித்து வைத்தால் நானே வந்து இழுத்துக்கொண்டு போவேன்” என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்ப வேண்டும். விபூதிப் புதன் ஒரு நாள்தான் லீவு, மறுநாளும் லீவு என்று பிள்ளை வந்து சொன்னால் நம்பக் கூடாது. இப்படியே போகும். கடைசி வரி எட்டாம் வகுப்புக்கு. “பொதுப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் தகப்பனார் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நேரில் வந்து படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். தகப்பனார் மட்டும். வேறு யார் வந்தாலும் செல்லாது.”

அந்த “மட்டும்” தலைமையாசிரியர் சொன்னதில்லை. போன வருஷம் ஒரு பையனுக்கு அவன் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக, “என்னைக் கேக்காம எப்படி அனுப்பினீக?” என்று தகப்பன் வந்து பள்ளிக்கூடத்து வாசலில் நின்று ஊரைக் கூட்டிவிட்டான். வசவு முழுக்க எனக்குத்தான் விழுந்தது. அந்த எரிச்சலை ஒரு வருஷம் வைத்திருந்து அந்த வரியில் இறக்கி வைத்தேன்.

மேலத் தெருவுக்குப் போகிற தாளை வாசித்துக் காட்டுகிறவள் எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பெண். அந்த வகுப்பில் ஆறு பேர். பெண் பிள்ளை அவள் ஒருத்திதான். சாயங்காலம் தண்ணீர்க் கிணற்றடியில் நின்றுகொண்டு, குடத்தோடு வருகிற பெண்களுக்கெல்லாம் தாளை வாசிப்பாள். வெறுமே வாசிக்க மாட்டாள். நான் எப்படிப் புருவத்தைத் தூக்குவேனோ அப்படியே தூக்கி, நான் எப்படிக் கடைசி வார்த்தையை அழுத்துவேனோ அப்படியே அழுத்தி வாசிப்பாள். ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கிணற்றடியே விழுந்து விழுந்து சிரிக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. இவள் டீச்சராகத்தான் போவாள் என்று அன்றைக்கே நினைத்தேன். அவளுக்கும் அந்த ஆசைதான். எட்டாம் வகுப்புப் பரீட்சை பாஸானால் டீச்சர் டிரெயினிங்குக்கு மனு போடலாம். பாஸாகாவிட்டால் அவள் ஊரில் பெண் பிள்ளைக்கு இருந்தது கல்யாணம் ஒன்றுதான். திரேஸ்புரத்திலிருந்து அதற்குள்ளேயே ஒரு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். “பரீட்சை எழுதட்டும், பாப்போம்” என்று அவள் அப்பா சொல்லி வைத்திருந்தார்.

அவர் சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிக்கிற சலாபம் நடந்து பல வருஷமாகிவிட்டதால் குளிக்கிறவர்களுக்குச் சங்குதான் பிழைப்பு. மாசியில் கடல் தெளிந்து கிடக்கும். பங்குனிக் காற்று எழும்பிக் கலக்குவதற்குள் முங்கி எடுத்தால்தான் உண்டு. ஏழெட்டு மைல் தள்ளிச் சங்குப் படகுகள் நிற்கிற இடத்திலேயே தங்கிக்கொள்வார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு மாதா கோவிலில் பூசை பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். அவருக்குப் படகில் கயிறு பிடிக்கிறவர் அவர் மனைவியின் அண்ணன். அந்தக் கரையில் அது வழக்கம். கீழே முங்கியிருக்கிறவனுடைய உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில் இருக்கிறது. தன் தங்கச்சி தாலியை அறுக்க எந்த அண்ணனும் துணிய மாட்டான். அதோடு, சீசன் முடிகிற வரை குளிக்கிறவர் கரை விஷயம் எதிலும் தலையிட மாட்டார். சங்கை எண்ணிக் கொடுப்பது, கூலி வாங்குவது, அதிகாரியிடம் பேசுவது எல்லாம் கயிறு பிடிக்கிறவர் பொறுப்பு. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள். நான் எங்கே கேட்டேன்?

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் என்னிடம் வந்தாள். அம்மை குத்துகிற நாள் அது. நாலு பிள்ளைகள் ஓடிப்போயிருக்க, நான் சொன்னபடியே வள்ளத்துக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், எங்க அப்பா சங்குக்குப் போயிருக்காக. மாமா வந்தா ஆகாதா?”

“எல்லாம் வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம், போளா” என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்து போனாள். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். பின்னே எப்படி எடுத்துக்கொள்வாள்?

வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து தகப்பன்கள் வந்தார்கள். எல்லாரும் வலைக்காரர்கள், விடிகாலையில் கரை பிடித்துவிடுகிறவர்கள். படிவத்தின் பின்பக்கத்தில் கோடு போட்ட இடத்தை நான் விரலால் காட்டுவேன், அவர்கள் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்துவார்கள். பதினொரு மணிக்கு மேல் ஆறாவது ஆள் வந்தார். வெயிலில் ஏழு மைல் நடந்த உடம்பு. வாசலில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு இரண்டு கையையும் தேய்த்துக் கழுவினார். வேட்டியில் துடைத்தார். பிறகுதான் உள்ளே வந்தார்.

“பிள்ளைக்கு மாமன் நான். கையெழுத்துப் போட வந்திருக்கேன் டீச்சரம்மா.”

“அவ அப்பா எங்கே?”

“மச்சான் படகுல இருக்காக. கரை விஷயம் நாந்தானே பாக்குறது.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். “கைநாட்டு இல்ல பாத்துக்கிடுங்க. கையெழுத்தே போடுவேன். பிள்ளை ரெண்டு ஞாயித்துக்கிழமையா மணல்ல எழுதிப் பழக்கி விட்டிருக்கா. படகுப் பலகை பூராவும் கரியால எழுதி வச்சிருக்கேன். மச்சான் திட்டுதாக.”

அந்தப் பெண் ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுதப் போவதைப் பார்க்கிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை. அந்த ஐந்து பேரும் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். இவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு என் தாளை யார் மதிப்பார்கள் என்று பட்டது.

“தாள்ல என்ன எழுதியிருக்கு? தகப்பனார் மட்டும்னு போட்டிருக்கு, இல்லையா?”

“அவுக உசுரே என் கையிலதானம்மா இருக்கு. ஒரு கையெழுத்து இருக்கக் கூடாதா?”

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. எனக்கோ என்னைப் பார்த்துச் சிரித்தது போல இருந்தது.

“உங்க கையெழுத்து யாருக்கு வேணும்?” என்றேன்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். மறுபடியும் பொறுமையாகத்தான் கேட்டார். “இப்பவே போயி மச்சானைக் கூட்டியாரேன். பொழுது சாயுறதுக்குள்ள வந்திருவோம். கயிறு பிடிக்க ஆளில்லாம இன்னைக்கு அவுக முங்கலை, சும்மாதான் உக்காந்திருக்காக.”

“மத்தியானம்னா மத்தியானம்தான். மூணு மணிக்குத் தபால்காரர் வந்திருவார்.”

அவர் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் வெளியே போனார். மூன்று மணிக்கு ஐந்து படிவங்களோடு கட்டு போனது. அவள் அழவில்லை. பள்ளி விட்டதும் எப்போதும் போலப் பெஞ்சை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, “வாரேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனாள். தலைமையாசிரியர் அன்று ஊரில் இல்லை. இருந்திருந்தால் அவர் அந்த மெல்லிய குரலில் ஏதாவது சொல்லித் தடுத்திருப்பார்.

இதோடு முடிந்திருந்தால் கோபத்தில் செய்தது என்று என்னை நானே மன்னித்திருப்பேன். மறுநாள் சனிக்கிழமை, மேஜையை ஒழுங்கு பண்ணும்போது அவளுடைய படிவம் கையில் வந்தது. பின்பக்கத்தைத் திருப்பினேன். ஐந்து பேருக்கும் விரலால் காட்டினேனே அந்தக் கோடு, அதற்கு மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை அப்போதுதான் வாசித்தேன். தகப்பனார் அல்லது கார்டியன் கையொப்பம். அவ்வளவுதான். அந்த “மட்டும்” உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது, என் தாளில் மட்டும்தான் இருந்தது.

தாமதமான படிவத்தைத் திங்கட்கிழமை ஆள் மூலமாகத் தூத்துக்குடி ஆபீசில் கொடுக்கலாம். போன வருஷம் ஒன்று அப்படிப் போயிருக்கிறது, எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் அப்பாவும் மாமாவும் வருவார்கள். கோவில் வாசலிலேயே கையெழுத்து வாங்கிவிடலாம். வாங்க வேண்டுமானால் அந்த மனுஷர் முன்னால் நின்று, ஊர் பார்க்க, “நான் சரியா வாசிக்கலை, தப்பு என் மேலே” என்று சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஞாயிறு பூசையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே வெளியே போனார்கள். நான் முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு நின்றுவிட்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் வந்தார். “எட்டாங் கிளாஸ் படிவம் எல்லாம் போயிடுச்சாம்மா? வேற ஏதும் உண்டா?”

“ஒண்ணு தகப்பனார் வராததால நின்னு போச்சு சார். வேற ஒண்ணுமில்லை” என்றேன். சொன்ன வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அவள் அப்புறமும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மற்ற ஐந்து பேர் பாடம் ஒப்பிக்கும்போது அவளும் ஒப்பித்தாள். அவர்கள் பரீட்சைக்குப் போன அன்று மட்டும் வரவில்லை. தபசுக் காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் திரேஸ்புரத்து வீட்டார் ஈஸ்டர் வரை காத்திருந்தார்கள். ஈஸ்டர் கழிந்து மூன்றாவது வாரம் கோவிலில் அவள் கல்யாண அறிவிப்பை, ஓலையை, வாசித்தார்கள். கல்யாணத்துக்கு எனக்கும் சொல்லிவிட்டார்கள். அவள் அம்மாவே நேரில் வந்து, “பிள்ளைக்கு ஒங்க மேல ரொம்பப் பிரியம், கட்டாயம் வரணும்” என்று கூப்பிட்டாள். போகாமல் இருக்க எவ்வளவோ காரணம் தேடினேன்.

கோவிலில் கல்யாணப் பூசை முடிந்து, பதிவுப் புத்தகத்தைப் பீடத்துக்குப் பக்கத்து மேஜையில் விரித்து வைத்தார்கள். பங்குச் சாமியார் பேனாவை மையில் தோய்த்து நீட்டினார். மாப்பிள்ளை கைநாட்டு வைத்தார். அவள் குனிந்து தன் பெயரை எழுதினாள், மணிமணியான எழுத்து. எத்தனை தடவை அவளுடைய காப்பி நோட்டில் நன்று என்று நான் எழுதியிருப்பேன்! அடுத்து சாட்சி. பெண் பக்கத்துச் சாட்சி மாமா. அவர் முன்னால் வந்தார். சாமியார் பேனாவை அவரிடம் நீட்டினார்.

அவர் பேனாவை வாங்கவில்லை. மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

“மாமா, ஒங்களுக்கு எழுதத் தெரியும்லா?” என்றாள் அவள், மெதுவாக.

“என் கையெழுத்து யாருக்குளா வேணும்” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. நான் அங்கே நிற்பதை அவர் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. பெருவிரலை மையில் அழுத்தி, அவளுடைய பெயருக்குக் கீழே ஊன்றினார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நான் நாலு அடி தள்ளித்தான் நின்றேன். கார்டியன் என்று போட்டிருந்தது, நீங்கள் போட்டிருக்கலாம், அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதனால் எதுவும் திரும்பக் கிடைத்திருக்காது. அவருக்காவது அந்தப் பேனா திரும்பக் கிடைத்திருக்கும். ஊரையே அதட்டுகிற என் வாய் அன்றைக்கும் திறக்கவில்லை.