யாரும் பிரிக்காத கியர்பாக்ஸ்

கால்நடை மருத்துவர் ஜெனிபர் மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு மாற்றலாகி வந்ததும் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். தயாரித்த கம்பெனியே சோதித்து, ஓராண்டு வாரண்டியோடு விற்ற வண்டி. வாங்கிய எட்டாவது மாதம், அதே மலையில் குண்டூர் நாட்டு மண்பாதையில் முன்சக்கரங்கள் இழுக்க மறுத்தன. மழைக்காலத்தில் அவை இழுக்காவிட்டால் பாதித் தொழுவங்களுக்குப் போக முடியாது.

மெக்கானிக் ஜாபர் உசேன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்பேனரைத் தொடவில்லை.

"கியர்பாக்ஸ்லதானுங்க கோளாறு."

"பிரிச்சுப் பாருங்களேண்ணா."

"நான் ஒரு போல்ட்டக் கழட்டினாலும் வாரண்டி போயிருமுங்க டாக்டரம்மா. நீங்க மாட்ட அறுத்துப் பாத்துத்தான் நோவு சொல்லுவீங்களா?"

லாரியில் ஏற்றி நாமக்கல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். "மலையில யாராச்சும் பிரிச்சாங்களா மேடம்?" என்றுதான் அங்கிருந்தவர் முதலில் கேட்டார். டார்ச் அடித்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார். போல்ட்டைத் திருகினால் தெரிந்துவிடும்படி கம்பெனி இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடு எதிலும் கலையவில்லை.

"வாரண்டியிலயே மாத்திக் குடுத்தர்றோமுங்க."

ஜெனிபர் உடனே ஜாபருக்குப் போன் செய்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். வண்டி வர்ற வரைக்கும் என் பைக்க எடுத்துக்குங்க" என்றார் ஜாபர். "மாட்டுக்கு வாரண்டி கிடையாதுங்களே."