கதவடைத்த அறையில் கணினி

மலேசியாவில், மந்தின் என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் செல்லம் ஆயாக் கொட்டகையைப் பார்த்துவந்தாள். பால்வெட்டப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் குழந்தைகளுக்கு அவள்தான் பொறுப்பு. கொட்டகைக்குக் கதவு உண்டு. பகலில் அவள் அதைச் சாத்தியதில்லை. ஒரு குழந்தை கண்ணில் படாவிட்டால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவாள். அதைத் திறமை என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை பார்ப்பது என்றால் பார்ப்பதுதான்.

தன் வீட்டில் மட்டும் அது அவளுக்கு மறந்துபோயிற்று. 1998இல், லோரி ஓட்டும் அவள் கணவன் அமிர்தலிங்கம், மகள் யோகேஸ்வரியின் படிப்புக்காகக் கணினி வாங்கினான். கதவுள்ள ஒரே அறையில் அதை வைத்தார்கள். திரைக்குச் சந்தனப் பொட்டு, மேலே பூப்போட்ட துணி. தூசி படக்கூடாது, அக்கம்பக்கத்துச் சின்னப் பையன்களின் கை படக்கூடாது. பத்து வயதுப் பெண் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுவார்கள். இணையத்துக்கு வழிகாட்டிய தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம், "படிக்கிற புள்ள, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று அறிவுரையும் தந்திருந்தார். கோவில் செயலாளரும் அவர்தான். பெட்டிக்கு இத்தனை காவல். பிள்ளைக்கு என்ன காவல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு பிற்பகல் தொலைபேசி அடித்தது. செல்லம் எடுத்தாள்.

"யோகேஸ் இருக்கா?"

"யாரு?"

"ஃபிரண்டு."

"என்னா ஃபிரண்டு? கிழட்டு ஆம்பளக் கொரலா இருக்கு?"

தொடர்பு அறுந்தது. மகளைக் கேட்டபோது அழுகைதான் முதலில் வந்தது. கணினி அரட்டையில், போர்டிக்சன் ஊரில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண் என்று ஒருவர் அறிமுகமாகியிருக்கிறார். எந்தப் பள்ளி, என்ன ஃபோன் நம்பர், அம்மா எப்போது வேலைக்குப் போவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். வீட்டில் சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அப்பா கம்ப்யூட்டர எடுத்துருவாரு."

மாலையில் அமிர்தலிங்கம் கிராணியை அழைத்துவந்தான்.

"மொதல்ல அந்தச் சாமான வித்துரு, லிங்கம். பொம்பளப் புள்ளைக்கு ஃபோன் வருதுன்னு லயத்து வீடுகள்ல தெரிஞ்சா அசிங்கம் லா. கோவில் தேவாரப் போட்டியிலயும் இந்த வருசம் பாட வேணாம்."

வளர்ந்த ஒரு மனிதன் பொய் சொல்லிச் சிறுபிள்ளையிடம் நெருங்குகிறான், தண்டனை பிள்ளைக்கு. இதற்குப் பெயர் மானமாம். அந்த மனிதன் மீது கிராணிக்குத் துளிக் கோபமும் வரவில்லை. கோபப்பட அவன் கைக்கெட்டவில்லை, பிள்ளை எட்டினாள், அவ்வளவுதான்.

"பொய் சொன்னவன் எவனோ. எம் புள்ளைய ஏன் மேடையிலேர்ந்து எறக்குறீங்க, கிராணி ஐயா?" என்றாள் செல்லம்.

"ஏய், பெரியவங்ககிட்ட என்னா பேச்சு?" என்றான் அமிர்தலிங்கம்.

"நீங்க சும்மா இருங்க. புடுங்கிருவீங்கன்னு பயந்துதான் இத்தன நாளா வாய மூடிக்கிட்டு இருந்துருக்கா. இன்னிக்கிப் புடுங்குனா, நாளைக்கி எவன் என்னா செஞ்சாலும் சொல்ல மாட்டா. கதவச் சாத்துனது அவளா? நாமதான."

கிராணி சிரித்தார். "அப்ப கம்ப்யூட்டர ஆயாக்கொட்டாயில வச்சிரு. பக்கத்துல ஒரு தொட்டிலும் கட்டிரு."

"தொட்டிலு வேணாங்க. கூடத்துல போட்டாப் போதும்."

மறுநாள் மேசை கூடத்துக்கு வந்தது, அடுப்படியிலிருந்து திரை தெரியும்படி. அமிர்தலிங்கம் முனகிக்கொண்டே ஒரு பக்கம் தூக்கினான். தொலைபேசி எண்ணை மாற்றினார்கள். போலீசில் புகார் கொடுத்தார்கள்; ஆள் அகப்படவில்லை. பள்ளியிலும் சொல்லிவைத்தாள் செல்லம். போட்டியில் யோகேஸ்வரி பாடினாள். பரிசு கிடைக்கவில்லை, முன்வரிசையில் இருந்த கிராணி கைதட்டவும் இல்லை. அந்தக் கைகளுக்கு அதுகூடப் பாரம் போலிருக்கிறது.

சில வாரங்கள் கழித்து, செல்லம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது.

"மா, இங்க வாங்க. ஒரு ஆளு நான் எந்த ஸ்கூலுன்னு கேக்குறான்."

நாற்காலியில் இருந்த அமிர்தலிங்கம் சட்டென்று எழுந்து கணினியின் வயரை நோக்கிக் கை நீட்டினான். மகள் அவனையே பார்த்தாள். அவன் கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல உட்கார்ந்துகொண்டான்.

செல்லம் செதில் ஒட்டிய கையோடு வந்தாள்.

"பதில் போட்டியா?"

"போடல."

"நல்லது. அவன மூடிட்டு ஒன் பாடத்தப் பாரு."

முக்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள்.