வளைகுடாவில் நகர்ந்த ஈரம்

ஜின், பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்துபோய்த் தேநீர் ஊற்றுகிறவள் நான். கட்டுகஸ்தோட்டையில் இத்தனை வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லி வந்திருக்கிறேன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

என் தங்கை சிலாவத்துறையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மாப்பிள்ளை ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் தனியாகப் படகெடுத்துக் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. ஊரே தேடியது, படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. தங்கை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளைத் தேற்ற எனக்குத் தெரிந்தது பாடம் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட துணி வரைபடத்தை முன்னறைச் சுவரில் மாட்டி மன்னார் வளைகுடாவைக் காட்டினேன். வடக்கே ஆதம் பாலத்து மணல் திட்டுகள், நம் கரையோரம் ஆழமில்லாத முத்துப் பார்கள், கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு சிப்பி அள்ள இறங்கிய கடல், அதைத் தாண்டினால் தூத்துக்குடி. வாடைக்காற்று எதையும் அந்தப் பக்கம்தான் தள்ளும், எல்லை தாண்டியதற்காக அங்கே பிடித்து வைத்திருப்பார்கள், ஒருநாள் விடுவார்கள் என்றேன். தெற்கே அந்த வளைகுடா வாய் திறந்து கிடக்கிறது, அந்த வழியாகப் போய்விட்டால் கரையே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவள் கூப்பிட்டாள்.

"ராத்தா, மெப்புல நனஞ்சீக்கி."

வரைபடத்தில் சிலாவத்துறைக்கு நேரே கடலில் பருப்பளவு ஈரம். கூரையைப் பார்த்தேன், சுவரைத் தடவினேன், எல்லாம் காய்ந்துதான் கிடந்தது. ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. எங்கள் வீட்டுப் பக்கம் ஓடுவது மகாவலி, கடலைப் பார்க்க பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும், நம்பினால் நம்புங்கள். சுவர் உவர் பூத்திருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன், ஆனால் அந்த ஈரம் ஒவ்வொரு நாளும் நகக்கண் அளவு தென்மேற்காக நகர்ந்தது. தங்கை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினாள், தலை சீவினாள்.

பிறகு அது கடும் நீலம் தீட்டிய இடத்தில் நின்றுவிட்டது. கிழமைக்கணக்காகப் பார்த்தோம், அசையவே இல்லை. ஈரம் வற்றி வெள்ளை உப்பு மட்டும் படிந்தது.

"அங்க எவ்வளவு ஆழம் ராத்தா?"

"ஆள் இறங்க ஏலாத ஆழம்."

"அப்ப நான் இத்தா இருக்கட்டா?"

கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவை இருந்தால், அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகும். மௌலவி அவசரப்பட வேண்டாம் என்றிருந்தார். சொந்தக்காரர்கள் மவுத்துதான் என்றார்கள். கடைசியில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள், படித்தவள் ஆயிற்றே. இத்தா இரு தங்கச்சி என்றேன். காரணம் கேட்டுப் படிப்பித்தவள், ஓர் உப்புக் கறையை நம்பி அப்படிச் சொன்னேன்.

நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி இத்தா இருந்தாள். அதன் பிறகு தெல்தெனியவில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நிக்காஹ் செய்து வைத்தோம், நல்ல மனிதர். அவளை அனுப்பிவிட்டு வந்த பின்னேரம், அலுமாரிக்கு மேல் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை எதற்கென்றே தெரியாமல் விரித்தேன். ஆழத்தில் இருந்த உப்பைக் காணவில்லை. தூத்துக்குடிக்குச் சற்றுத் தெற்கே, கடலும் நிலமும் சேரும் கோட்டில், புதிதாக ஈரம்.

விசாரிக்கலாம்தான். யாரிடம், என்னவென்று சொல்லி விசாரிப்பது? அவர் உயிரோடு இருந்தால் அதைவிடக் கொடுமை, திரும்பி வரும் கதவை அடைத்தவள் நான். தங்கைக்கு இப்போது ஏழு மாதம். வெள்ளிக்கிழமைகளில் போனில் கோல் எடுப்பாள், வைக்குமுன் மறக்காமல் கேட்பாள்.

"மெப் காஞ்சிட்டா ராத்தா?"

"அது எப்பவோ காஞ்சிட்டு."

சொல்லிவிட்டு வரைபடத்தை இறக்கி விரிப்பேன், அந்தக் கரையைத் தொட்டு விரலை நாக்கில் வைப்பேன். இன்னும் கரிக்கிறது.