ஓடாத ஃபிரிட்ஜுக்கு எட்டு மதிப்பெண்

லுத்ஃபுன்னாஹர் டாக்காவில் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கிப் பத்தொன்பது வருஷமாகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, கொசுவலை இருக்கிறதா, எந்த சோப்பு வாங்குகிறீர்கள் என்று அவள் கேட்காத கேள்வி இல்லை. கணவன் போன பிறகு இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது இந்த வேலைதான். மற்றவர்கள் பதினைந்து வீடு முடிக்கும் நாளில் அவள் இருபது முடிப்பாள். இல்லாததை இருப்பதாகவோ, இருப்பதை இல்லாததாகவோ ஒருநாளும் குறித்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் வறுமைப் பட்டியல் வேலை வந்தது. கையில் ஒரு டேப்லெட், அதில் பத்துக் கேள்விகள். சிமெண்டுத் தரையா, மின்விசிறி உண்டா, கட்டில் உண்டா, ஃபிரிட்ஜ் உண்டா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். நாற்பதைத் தாண்டினால் அந்தக் குடும்பம் ஏழை இல்லை. மலிவு அரிசி அட்டையும் இல்லை.

பாலுர்மாட் என்ற குடிசைப் பகுதியில், கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய தகர அறை வரிசை ஒன்றில் கோஹினூர் பேகம் இருந்தாள். இரண்டு பணக்கார வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவள். புருஷன் ரிக்‌ஷா ஓட்டி இடுப்பு முறிந்து படுத்திருந்தான். மகள் ஷாப்லா எட்டாம் வகுப்பு. தரை சிமெண்டு, மேலே மின்விசிறி. இரண்டுமே அறையின் சொந்தக்காரனுடையவை. அவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. மூலையில் வெள்ளையாக ஒரு ஃபிரிட்ஜ் நின்றது.

"ஐயோ ஆபா, அது ஓடாது" என்று அக்கா முறையில் அழைத்துச் சிரித்தாள் கோஹினூர். "வேலை செய்யுற வீட்டுல தூக்கிப் போட்டாங்க. இங்க எலி ஒவ்வொண்ணும் பூனை சைஸுல இருக்கு. அதான் அரிசிய உள்ள வெச்சு மூடிருவேன்."

திறந்தும் காட்டினாள். ஒரு டப்பாவில் அரிசி, நாலு வெங்காயம், ஷாப்லாவின் பாடப்புத்தகங்கள். லுத்ஃபுன்னாஹரும் சிரித்துவிட்டாள். வெளியே வந்து மேற்பார்வையாளர் மொஃபிஜுலைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஓடுதா ஓடலையான்னு கேள்வியில இருக்கா?" என்றான் அவன்.

"இல்ல. இருக்கா இல்லையான்னுதான் இருக்கு."

"அப்புறம் என்ன? இருக்குன்னு போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க ஆபா."

அதுவரை கூட்டியதில் முப்பத்தைந்து. ஃபிரிட்ஜுக்கு எட்டு. அவளுக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை. கூட வேலை செய்யும் பெண்கள் இப்படியான இடத்தில் சத்தமில்லாமல் 'இல்லை' என்று போட்டுவிட்டுப் போவார்கள் என்பதும் தெரியும். அவள் 'இருக்கு' என்பதைத் தொட்டாள். அடுத்த வீட்டுக்குப் போனாள்.

எட்டு மாதம் கழித்து மறுபரிசீலனைக்கு அதே வரிசைக்கு அனுப்பினார்கள். கோஹினூர் அவளைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"பாருங்க ஆபா, நல்லாப் பாருங்க. ஃபிரிட்ஜ் இல்ல! பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிட்டேன். அதனாலதான் அட்டை வரலைன்னு எல்லாரும் சொன்னாங்க. இந்தத் தடவையாவது சரியா எழுதிக்குங்க."

அரிசி ஒரு துணிப்பையில் உத்தரத்திலிருந்து தொங்கியது. பையின் அடியில் எலி கடித்த ஓட்டைக்கு ஒட்டுப் போட்டிருந்தது.

"ஷாப்லா ஸ்கூலுக்குப் போயிருக்காளா?"

"ஸ்கூலா? அவ தையல் ஃபேக்டரிக்குப் போறா. நூல் வெட்டுற வேலை. பதினெட்டு வயசுன்னு எழுதிக் குடுத்தாச்சு. அரிசி விக்கிற விலைக்கு வேற என்ன பண்றது?"

அட்டை கிடைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கோஹினூர் கேட்கவே இல்லை. திட்டியிருந்தாலாவது லுத்ஃபுன்னாஹர் தன் பக்க நியாயத்தைப் பேசியிருப்பாள். அவள் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. அந்த வரிசைக்கே பொதுவாக இருந்த இரண்டு அடுப்புகளின் பக்கம் போய்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். பெண்கள் பானையோடு முறைக்காகக் காத்திருந்தார்கள்.

"இந்த வரிசையில யாரு ரொம்பக் கஷ்டப்படுறாங்கன்னு நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டாள்.

ரொகேயா சாச்சி என்று எல்லாரும் கூப்பிடும் வயதானவள் கரண்டியை ஆட்டினாள். "அதுக்கு இந்தப் பொட்டிய வேற தட்டணுமா? ரெண்டு நாள் இந்த அடுப்புகிட்ட உக்காரு, தானாத் தெரியும். 'எனக்கு அவசரமில்ல, நீ மொதல்ல வையி'ன்னு எவ முறைய விட்டுக் குடுக்குறாளோ, அவ வீட்டுல வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"நம்ம கோஹினூர் போன மாசம் வாரத்துக்கு நாலு நாள் முறைய விட்டுக் குடுக்குற கொடைவள்ளல் ஆயிட்டா" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். பின்னாலேயே வந்து நின்ற கோஹினூரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். லுத்ஃபுன்னாஹர் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த மாதம் கேள்விகளைத் திருத்த ஒரு கூட்டம் நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து இஃபத் ஆரா என்ற ஆய்வாளர் வந்திருந்தார். இத்தனை வருஷத்தில் கூட்டத்தில் வாய் திறக்காத லுத்ஃபுன்னாஹர் அன்று எழுந்து நின்றாள். பொருள் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல் வேலை செய்கிறதா, யாருடையது என்றும் கேட்க வேண்டும் என்றாள். அடுப்பில் முறையை விட்டுக் கொடுப்பதைப் பற்றிச் சொன்னாள். ஃபிரிட்ஜ் கதையையும் சொன்னாள். சொல்லும்போது, "நம்ம பணியாளர் ஒருத்தங்க எட்டு மதிப்பெண் போட்டுட்டாங்க" என்றாள். 'நான்' என்று சொல்லவில்லை. மொஃபிஜுல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் கைதட்டினார்கள். புதிய கேள்விகளை முந்நூறு வீடுகளில் கேட்டுப் பார்த்தபோது, ஏழை இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் பட்டியலுக்குள் வந்தார்கள். 'கடந்த ஏழு நாளில் எத்தனை முறை அடுப்பை விட்டுக் கொடுத்தீர்கள்?' என்ற கேள்வி படிவத்தில் நிரந்தரமாகச் சேர்ந்தது. அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் லுத்ஃபுன்னாஹரின் பெயர் அச்சாகியிருந்தது. மகள்கள் அதை ஃபோட்டோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். வாழ்த்து வரவர அவள் ஃபோனை அணைத்து வைத்தாள்.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை பாலுர்மாட்டுக்குப் போனாள். கோஹினூருக்கு அட்டை வந்திருந்தது. டீ போட்டுக் கொடுத்தாள்.

"அன்னிக்கு ஃபிரிட்ஜ் இருக்குன்னு நான் தெரியாமப் போடல" என்றாள் லுத்ஃபுன்னாஹர். "போட்டா அட்டை வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

கோஹினூர் நிமிர்ந்து பார்த்தாள். "நான் தொறந்து காட்டுனப்ப நீங்க சிரிச்சீங்களே. புரிஞ்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"புரிஞ்சுதான் இருந்துச்சு."

"சரி. டீ ஆறுது, குடிங்க மேடம்."

ஆபா போய் மேடம் ஆகிவிட்டது. உள்ளே படுத்திருந்த ஷாப்லா எழுந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்க்க ஏற்பாடு செய்கிறேன் என்று லுத்ஃபுன்னாஹர் சொன்னதற்கு, "சின்னப் புள்ளைங்களோட பெஞ்சுல உக்காரவா? அடுத்த மாசம் ஃபேக்டரில எனக்குத் தையல் மெஷின் தராங்க" என்றுவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் லுத்ஃபுன்னாஹர் இஃபத் ஆராவின் அறைக்குப் போய், அந்தப் பணியாளர் தான்தான் என்றாள்.

"தெரியும்" என்றார் அவர். "படிவத்துல உங்க பணியாளர் நம்பர் இருந்துச்சு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். அந்தக் கேள்விய எழுதினவங்க யாரும் இப்படிச் சொல்ல இன்னும் வரல."

இப்போது புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுக்கிறாள். முதல் நாளே கோஹினூரின் கதையைத் தன் பெயர் வைத்துச் சொல்லிவிடுகிறாள். கேட்கிற பெண்கள், "விதிப்படிதானே செஞ்சீங்க, உங்க மேல என்ன தப்பு?" என்று ஆறுதல் சொல்வார்கள். அவள் அடுத்த பாடத்துக்குப் போவாள்.