தளத்தில் நின்றவர்கள்

என்னிடம் ஒரு பழைய பிஸ்கற் பேணி இருக்கிறது. அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு பத்திரிகைத் துண்டுகள். நானூற்றுப் பதினொன்று ஒரே பத்திரிகையில் வெட்டியவை, மஞ்சளாகி ஓரம் உதிரத் தொடங்கியவை. மிச்சம் ஒன்று வேறு பத்திரிகை, வேறு எழுத்து. அதில் 8 என்ற எண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. அந்தத் துண்டை எல்லாவற்றுக்கும் மேலே, வட்டம் தெரியும்படி வைத்திருக்கிறேன். பின்பக்கத்தை வருடத்தில் ஒருமுறைதான் திருப்பிப் பார்ப்பேன். கூடப் பார்த்தால் எனக்கு நித்திரை வராது.

அவை அத்தானுடையவை. என் அக்காவின் கணவர். எண்பத்தைந்தில் நானும் அவரும் பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தோம். எழுபத்தெட்டுப் படிகள், ஒரு அறை, ஒரு ஜன்னல், ஆறு பேர். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். சுவருக்கு அப்பால் எங்கேயோ பாலத்தின் மேல் மெத்ரோ ஓடும். அது போகிறதா வருகிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. அறையில் இருந்த ஒரே கட்டில் எங்களுக்கு முன்பே வந்தவருக்கு உரியது. அவரைக் கட்டில்காரர் என்றே அழைத்தோம். மற்ற ஐவருக்கும் நிலத்தில் மெத்தை. யாராவது லண்டனுக்கோ ஜெர்மனிக்கோ போனால் அந்த வாரமே புதிதாக ஒருவர் வந்து அதே மெத்தையை விரிப்பார். ஆறு என்ற எண்ணிக்கை குறைந்ததை நான் கண்டதில்லை.

அத்தான் ஓப்பேராப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்தார். அமெரிக்கர்கள் வந்து தங்கும் ஹோட்டல். அவர்கள் விட்டுப்போகும் ஆங்கிலப் பத்திரிகையை மெத்தைக்குக் கீழே விரிப்பதற்காகத்தான் முதலில் கொண்டுவந்தார். விளையாட்டுப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல நிரை நிரையாக எண்கள் இருந்தன. பேஸ்போல் ஆட்டங்களின் விபரம். எண்களைக் கண்டால் விடமாட்டேன் நான். ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். அத்தானும் பக்கத்தில் வந்து குந்தினார். பட்டியலின் அடியில் கிடந்த ஓர் அணியைத் தொட்டு, "இது என்ரை ஆக்கள்" என்றார். ஏன் என்று கேட்டேன். "கடைசியா நிக்கிறவனுக்கும் ஒரு ஆள் வேணும்தானே" என்றார். அந்த அணியின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்களுக்கு இன்றைக்கும் ராசியில்லை.

இரண்டு பேரும் அந்த ஆட்டத்தை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்தான். எறிகிறவன் ஒருவன், அடிக்கிறவன் ஒருவன், அடித்தவன் மூன்று தளங்களைத் தாண்டி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம் என்பதைச் செய்திகளை வாசித்து விளங்கிக்கொண்டோம். எண்களின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு எண் இருந்தது. தளங்களில் நின்றவர்கள் இத்தனை பேர் என்று. அது என்ன என்று அத்தான் கேட்டார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆட்டமிழக்காமல் கடைசிவரை நிற்பவனுக்குக் கிரிக்கெட்டில் உள்ள மரியாதை எல்லோருக்கும் தெரிந்தது. "நொட் அவுட் ஆக்கள், அத்தான்" என்றேன்.

அன்றிலிருந்து அத்தானின் பார்வை முழுவதும் அந்த எண்ணில்தான். துண்டுகளை வெட்டினார், நான் கூட்டினேன். ஓட்டங்களில் எங்கள் அணி கடைசி. நின்றவர்களின் எண்ணிக்கையில் எங்களுக்கு மேலே யாருமில்லை. ஆகவே அணி நல்ல அணிதான், காலம்தான் சரியில்லை என்று அத்தான் தீர்மானித்தார். கட்டில்காரர் ஒவ்வொரு மாலையும் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார்.

"அண்ணை, உங்கடை ஆக்கள் இண்டைக்கும் தோல்வியோ?"

"தோல்விதான். ஆனா பதினொரு பேர் நிண்டவங்கள்."

"என்னத்துக்கு நிண்டவங்கள், பஸ்ஸுக்கோ?"

அறை முழுவதும் சிரிக்கும். அத்தானும் சிரித்துவிட்டு, பிழை எங்கே என்று விளக்கத் தொடங்குவார். மூன்றாம் தளத்தைக் காக்கிறவனுக்கு முப்பத்தெட்டு வயது. அத்தானைவிட ஒரு வயது மூப்பு. பாவம் பார்த்து வைத்திருக்கிறார்களாம். "உந்தக் கிழவனை அனுப்பினால் எல்லாம் சரிவரும். குனிய ஏலாதவனை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது?" இடக்கையால் எறிகிற ஒருவன் வேண்டும், வேகமாக ஓடுகிற இருவர் வேண்டும். கட்டில்காரர் சொல்வார், "அண்ணைக்குப் பந்து என்ன நிறம் எண்டு தெரியாது. ஆனா ஆளுக்கு எங்கை முதுகு நோகுது எண்டு தெரியும்."

எங்கள் இருவரின் அகதி விண்ணப்பமும் முதல் தடவை மறுக்கப்பட்டு, றிக்கூர் எனப்படும் மேல்முறையீட்டில் இருந்தது. அது கிடைத்தால் அத்தான் அக்காவையும் நாலு வயது மகளையும் முறைப்படி கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. அந்த ஒக்டோபரில் ஏஜென்சிக்காரர் ஒருவர் வந்து, கனடாவுக்கு ஓர் இடம் இருக்கிறது, பத்து நாளில் பதில் வேண்டும் என்றார். அத்தானுக்கு மனம் முழுக்கப் போகத்தான். அக்கா எழுதிய கடிதத்தில், "தம்பியைக் கேட்டுச் செய்யுங்கோ. அவன் கணக்குப் பார்க்காமல் ஒன்றும் சொல்லமாட்டான்" என்று இருந்தது.

நான் கணக்குப் பார்த்தேன். றிக்கூர் முடிவு வந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இருபத்திரண்டு பேர், அவர்களில் ஒன்பது பேருக்குக் கிடைத்திருந்தது. அதே ஏஜென்சிக்காரர் அனுப்பிய ஐவரில் இருவர் விமான நிலையத்தில் பிடிபட்டிருந்தார்கள். உண்மையில் ஐவரில் மூவர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் அதே கணக்கு சொல்லியது. நான் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. பயந்தவனுக்கு எந்த எண்ணும் பயத்தையே காட்டும். "ஓடி அவுட்டாகிறதிலும் பார்க்க நிக்கிறது நல்லது, அத்தான்" என்றேன். அவர் பேணியைப் பார்த்தார். பிறகு, "ஓம், நொட் அவுட்டா நிப்பம்" என்றார். அந்த இடத்தில் வேறொருவர் கனடா போனார். போய்ச் சேர்ந்தார்.

அதே மாதம் பேஸ்போல் பருவமும் முடிந்தது. பத்திரிகையில் எண்கள் நின்றுபோயின. அந்தக் குளிர்காலத்தைப்போல நீளமான ஒன்றை நான் பிறகு கண்டதில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆறு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு கிடந்தோம். எப்போதாவது இரண்டு வரிச் செய்தி வரும்: இன்னாரை இந்த அணி அந்த அணிக்கு மாற்றியது என்று. "ஆளை ஒரு சொல் கேக்கிறேல்லையோ?" என்று அத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்பார். டிசம்பரில், மூன்றாம் தளத்துக்காரனை அணி விலக்கிவிட்டதாக ஒரு வரி வந்தது. கோடை முழுவதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கடிதம் குடுத்துப்போட்டாங்கள்" என்று மட்டும் சொன்னார். அதே மாதம் எனக்கு றிக்கூர் சரிவந்து வதிவிடக் கார்ட் கிடைத்தது. அவருக்கு ஒன்றும் வரவில்லை.

அவருடைய கடிதம் பெப்ரவரியில் பதிவுத்தபாலில் வந்தது. பிரெஞ்சு அலுவலகக் கடிதம் எது வந்தாலும் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் இருந்த சொல்தா ஐயாவிடம் கொண்டுபோவோம். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனால்தான் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்துவிட்டு, "ரெஃபுயூஸே பண்ணிட்டாங்க தம்பி. ஒரு மாசத்துக்குள்ள நாட்டை விட்டுப் போகணும்னு போட்டிருக்கான்" என்றார். அத்தான் தலையை ஆட்டினார். கடிதத்தைக் கோப்புக்குள் திரும்ப வைக்கும்போதுதான், அடையாளத்துக்கு அத்தான் செருகியிருந்த பத்திரிகைத் துண்டு சொல்தா ஐயாவின் கையில் வந்தது. அவர் முகம் மலர்ந்தது. இளம் வயதில் ஓர் அமெரிக்கப் பட்டாள முகாமில் காவல் வேலை பார்த்தாராம். சனிக்கிழமை தவறாமல் இந்த ஆட்டம் பார்த்தவராம்.

அத்தான் விரலை அந்தப் பொடி எண்ணில் வைத்தார். "ஐயா, இந்த நொட் அவுட் ஆக்களுக்கு எத்தினை புள்ளி?"

"அது நாட் அவுட் இல்லீங்க. ஓடிக்கிட்டு இருக்கறப்பவே மூணாவது ஆள் அவுட்டாயிட்டான்னா மொத்தப் பேரும் வெளிய வந்துடணும். பாதி வழியில நின்னவங்க எத்தினி பேருன்னு போட்டிருக்கான், அவ்வளவுதான்."

"ஒண்டும் கிடையாதோ?"

"ஒண்ணும் கிடையாது. அந்த எண்ணு ஏற ஏற டீம் மோசம்னு அர்த்தம்."

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது வழமையான பெரிய தெருவால் அத்தான் வரவில்லை. மெத்ரோ வாசலில் பொலிஸ் நின்று வதிவிடப் பேப்பர் கேட்பது வழக்கம். அன்று முதல் அது அவர் பயப்படவேண்டிய விஷயம். சின்னத் தெருக்களால் சுற்றி வந்தோம். ஆயிரத்து நானூற்றறுபது காலடிகள். எங்கள் கட்டடத்துக் கதவடியில் நின்று, அத்தான் கோபமில்லாமல் சொன்னார்: "நீ எண்ணினது சரி, மச்சான். என்னத்தை எண்ணினாய் எண்டுதான் உனக்குத் தெரியேல்லை."

ஹோட்டல் வேலை போயிற்று. அத்தான் அதே தெருவில் ஓர் உணவகத்தின் பின்பக்கக் குசினியில் சட்டி கழுவினார். அறையிலிருந்து அந்தக் குசினிக் கதவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடிகள். மூன்றரை வருடம் அவருடைய பாரிஸ் அவ்வளவுதான். கட்டில்காரர் கனடா போனபோது கட்டில் அத்தானுக்கு வந்தது. அதில் அவர் படுக்கவில்லை, என்னைப் படுக்கச் சொன்னார். நானும் படுத்தேன். முதல் வசந்தம் வந்ததும், கார்ட் உள்ளவன் என்ற முறையில் வடக்கு ரயில் நிலையத்தின் கடையில் அந்தப் பத்திரிகையை நானே வாங்கிவந்து அவர் முன் வைத்தேன். வேறு எதைச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் கத்தரிக்கோலை எடுத்து, பழையபடி வெட்டினார். அந்த எண்ணுக்குக் கீழே பழையபடி கோடு போட்டார். இனியும் எதற்கு என்று கேட்டேன். "வந்து சேர்ந்தவனை எல்லாரும் எழுதுவினம். வழியிலை நிண்டவனையும் ஒரு மூலையிலை போட்டிருக்கிறான். அது காணும்" என்றார். அதற்குப் பிறகு நான் ஒன்றையும் கூட்டிக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவுமில்லை.

எண்பத்தொன்பது ஓகஸ்டில் இன்னோர் ஏஜென்சிக்காரர் வந்தார். இந்தத் தடவை அத்தான் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. காலையில் சவரம் செய்து, எனது கோட்டைப் போட்டுக்கொண்டு, பேணியை என் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுபத்தெட்டுப் படிகளும் இறங்கினார். நான் ஜன்னலுக்குப் போனேன். அது சுவரைத்தான் பார்க்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒன்பதாம் நாள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. அக்காவும் மகளும் போய்ச் சேர மேலும் இரண்டு வருடம் எடுத்தது. விமான நிலையத்தில் பத்து வயது மகள் அவரைப் பார்த்து, "நீங்களோ அப்பா?" என்று கேட்டாளாம். அக்கா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த வருடங்களில் எத்தனை என்னுடையவை என்று நான் பலதடவை கணக்குப் பார்த்திருக்கிறேன். நான் நிற்கச் சொன்ன ஒக்டோபரிலிருந்து மூன்று வருடமும் பத்து மாதமும். எப்படிக் கூட்டினாலும் குறையவில்லை.

அத்தான் காலமாகி மூன்று வருடமாகிறது. கடைசிவரை ஒரு பேஸ்போல் ஆட்டத்தையும் மைதானத்துக்குப் போய்ப் பார்க்கவில்லையாம், பத்திரிகையில்தான் பார்த்தாராம். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. எட்டு மணிநேரப் பயணம், முழங்கால், விமானத்தில் ஏதாவது நடந்தால் என்ற நினைப்பு. டிக்கெற் எடுத்துத் தருகிறேன் என்று அக்காவின் மகள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் காரணம் இருந்தது. எனக்கு எழுபத்துமூன்று வயது. இப்போதும் அதே தெருவில், அதே நாலாம் மாடியில், அதே அறையில் இருக்கிறேன். ஆறு பேர் இருந்த இடத்தில் ஒருவன். படிகளில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது, இருபத்தாறாவதிலும் ஐம்பத்திரண்டாவதிலும். எங்கேயும் போகக்கூடிய கார்ட் என் சட்டைப்பையில் நாற்பது வருடமாக இருக்கிறது. நான் எங்கேயும் போகவில்லை.

பேணியில் மேலே இருக்கும் அந்த வேறு பத்திரிகைத் துண்டு, அவர் கனடா போன பிறகு வந்த முதல் கோடையில் தபாலில் வந்தது. உறைக்குள் கடிதம் எதுவும் இல்லை. எங்கள் அணி வழக்கம்போலத் தோற்றிருந்தது. இன்று அதைத் திருப்பினேன். பின்பக்கத்தில், பென்சிலில், அத்தானின் சாய்ந்த எழுத்து இன்னும் அழியவில்லை: "எட்டுப் பேர் நிண்டவங்கள். உன்னோடை ஒன்பது."